இறக்கைக்கு அந்தப் பக்கம்

ஹேங்கர் என்று பேர்தான் பெரிது. தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை, ஒரு பக்கம் முழுக்கத் தள்ளுகதவு, உள்ளே வயசான சின்ன விமானங்கள் நாலைந்து. அவற்றைப் பழுதுபார்த்து மறுபடி பறக்க வைப்பதுதான் அங்கே தொழில். இன்ஜினைப் பிரித்து மேய ஆட்கள் உண்டு, சக்கரமும் பிரேக்கும் பார்க்க ஆட்கள் உண்டு. இறக்கைக்குத் துணி போர்த்தித் தைக்க ஒரே ஒருத்தி. அவளை எல்லோரும் ரெக்கையம்மா என்பார்கள். ஒல்லி உடம்பு, ஐம்பதைத் தாண்டிய வயசு, பேச்சில் கொஞ்சம் காரம். அந்தப் பட்டப்பெயரை வைத்தது அங்கே மெக்கானிக்காக இருந்த அவள் புருஷன். அவன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

விமானத்துக்குத் துணியா என்று வாயைப் பிளக்கிறவர்கள் உண்டு. அந்தக் காலத்துச் சின்ன விமானங்களுக்குத் துணிதான். மரத்தில் விலா எலும்பு மாதிரி வரிசையாகச் சட்டங்கள், அவற்றின்மேல் இரண்டு பக்கமும் இழுத்துப் போர்த்திய துணி, துணியை விறைப்பாக்க மூக்கைத் துளைக்கும் நெடியோடு ஒரு பூச்சு. காற்று துணியைப் பிய்த்துக்கொண்டு போகாமலிருக்க அதை ஒவ்வொரு விலாவோடும் சேர்த்துத் தைக்க வேண்டும். இறக்கையைச் சுவர் மாதிரி நிமிர்த்தி நிறுத்திவிட்டு, இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நிற்பார்கள். முழங்கை நீள ஊசியை இவர் உள்ளே தள்ளுவார். அவர் வாங்கி விலாவுக்கு மறுபுறமாகத் திருப்பித் தள்ளுவார். இவர் மெழுகு நூலை இழுத்து முடிச்சுப் போடுவார்.

இந்தப் பக்கம் ரெக்கையம்மா. அந்தப் பக்கம், இருபத்தாறு வருஷமாக, அவளுடைய நாத்தனார்.

புருஷனின் அக்கா. கட்டியவன் விட்டுவிட்டுப் போனதும் கைக்குழந்தையோடு தம்பி வீட்டுக்கு வந்தவள். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒரே கூரைக்குக் கீழே என்றால் சொல்லவா வேண்டும். டம்ளர் கவிழ்க்கிற இடத்துக்கு ஒரு சண்டை, ஜன்னல் திறக்கிறதுக்கு ஒரு சண்டை. ஆனால் நடுவே ஒரு இறக்கையை நிறுத்திவிட்டால் போதும், இரண்டு பேருக்கும் அப்படிப் பேச்சு வரும். முகம் தெரியாததாலோ என்னவோ, வீட்டில் எடுத்தால் ரகளையாகிற விஷயமெல்லாம் துணி வழியாகப் பேசினால் சுமுகமாக முடிந்துவிடும். "நேத்து நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது அண்ணி" என்று ரெக்கையம்மா இறங்கி வந்ததெல்லாம் இறக்கைக்கு இந்தப் பக்கம் நின்றுதான். வீட்டில் இறங்கி வந்ததாகச் சரித்திரமே கிடையாது.

இறக்கைக்குள்ளே விலாக்களுக்கு நடுவே ஒரு கேபிள் ஓடும். இறக்கையின் பின்னோரத்தில் இருக்கும் மடலை மேலும் கீழும் அசைத்து விமானத்தைச் சாய்க்கிற கேபிள். தைக்கிற நூல் தப்பித் தவறி அந்தக் கேபிளையும் சேர்த்துச் சுற்றிவிட்டால், ஆகாயத்தில் மடல் மாட்டிக்கொள்ளும். அப்புறம் ஆண்டவன் விட்ட வழி. அதனால் ரெக்கையம்மா பக்கம் ஒரு பல்ப் எரியும். ஒரு கை பூச்சு மட்டும் வாங்கிய துணியில் வெளிச்சம் ஊடுருவி, அந்தப் பக்கம் கேபிளின் நிழல் விழும். ஊசி நிழலுக்கு விலகி வந்திருக்கிறதா என்று பார்த்து நாத்தனார் "சரி" என்பாள். அந்தச் சரி காதில் விழுந்த பிறகுதான் இவள் முடிச்சைப் போடுவாள். ஒரு தையலுக்கு ஒரு சரி என்று ஒரு நாளைக்கு எத்தனையோ சரிகள்.

அங்கே எல்லா வேலைக்கும் கையெழுத்துப் போடுகிற இன்ஜினியர் வைத்த சட்டம் ஒன்றும் இருந்தது. துணி மாற்றிய விமானம் முதல் தடவை மேலே போகும்போது, தைத்தவர்களில் ஒருவர் பைலட்டுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார வேண்டும். வேலையில் கவனம் வர இதைவிட நல்ல மருந்து கிடையாது என்பார். எப்போதும் நாத்தனார்தான் ஏறுவாள். "நீ பயந்தாங்கொள்ளி, நகரு" என்று தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு ஏறிவிடுவாள். ரெக்கையம்மாவுக்கு உண்மையிலேயே பயம்தான். இருந்தாலும் உள்ளுக்குள் எரியும். தைக்கிறது இரண்டு பேர், சவாரி மட்டும் ஒருத்திக்கா?

போன வருஷம் நாத்தனாரை அவள் மகன் வந்து கூட்டிக்கொண்டு போனான். வேறு ஊரில் வேலை, அம்மாவைக் கூட வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை. நல்ல பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை. பெட்டி வாசலுக்குப் போன பிறகு நாத்தனார் திரும்பிப் பார்த்து, "நான் இல்லாம நீ ஒரு விலாகூடத் தைக்க மாட்டே" என்றாள். வருத்தத்தில் சொன்னாளோ, குத்திக் காட்டினாளோ. ரெக்கையம்மா வாயைச் சும்மா வைத்திருக்கலாம். "நீங்க போங்க அண்ணி. நீங்க நின்ன இடத்துல ஒரு ஸ்டூலைப் போட்டாலும் வேலை நடக்கும்" என்றாள். நாத்தனாரின் முகம் சுண்டிப்போனது. வண்டி போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பையன்தான் எப்போதாவது போன் போட்டு, "அத்தை, நல்லா இருக்கீங்களா?" என்பான்.

டம்ளர் இப்போது அவள் வைத்த இடத்தில் இருக்கிறது. ஜன்னல் அவள் இஷ்டத்துக்குத் திறந்திருக்கிறது. இத்தனை வருஷம் எதற்கெல்லாம் மல்லுக்கட்டினாளோ அதெல்லாம் கிடைத்துவிட்டது, வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் புரியவில்லை. சாயங்காலம் பூட்டைத் திறந்தால் காலையில் விட்டுப்போன காற்று அப்படியே உள்ளே நிற்கும். செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் கதவோரமே நிற்பாள். டிவியைச் சத்தமாக வைப்பாள், பார்க்க மாட்டாள். தனியாக இருக்கிறோம் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு ஆள் இருந்தால் அதை ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது?

ஒரு பல் டாக்டரின் விமானம் வந்தது இந்தச் சமயத்தில்தான். இரண்டு பேர் உட்காரும் மஞ்சள் விமானம், டாக்டரின் அப்பா வயசு இருக்கும். வெயிலில் மக்கிய துணி விரலால் அழுத்தினாலே பொத்துக்கொண்டது. இரண்டு இறக்கைக்கும் புதுத் துணி போர்த்த வேண்டும்.

"கூட நிக்க ஸ்டோர்ஸ்லேருந்து ஒரு ஆளை அனுப்பறேன்மா" என்றார் இன்ஜினியர்.

"வேணாம் சார்."

"ரெக்கைக்கு ரெண்டு பேர் வேணுமே."

"அந்தப் பக்கமும் நானே போய்க்கறேன். காலு இருக்குல்ல?"

கால் இருந்தது, அதற்கு வேலையும் கிடைத்தது. ஊசியைத் தள்ளுவாள், இறக்கையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போவாள், நிழலைப் பார்ப்பாள், ஊசியைத் திருப்பித் தள்ளுவாள், மறுபடி சுற்றிக்கொண்டு வந்து முடிச்சைப் போடுவாள். ஸ்டோர்ஸ் ஆள் டீ குடித்துக்கொண்டே, "என்னம்மா, டாக்டர் வாக்கிங் போகச் சொல்லிட்டாரா?" என்று கேட்டான். அவள் ஊசியோடு அந்தப் பக்கம் நடந்தாள். ஒரு தடவை தனக்குத் தானே "சரி" என்று சொல்லிப் பார்த்தாள். கேட்க நன்றாக இல்லை, விட்டுவிட்டாள். இன்னொரு தடவை, "இந்த நூலு முன்ன மாதிரி இல்ல அண்ணி" என்று வாய்தவறித் துணியைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். சொன்னது பெரிசில்லை, பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்றாள் பாருங்கள், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இடது இறக்கையில் ஐந்தாவது விலாவைத் தைக்கும்போது கரன்ட் போயிற்று. பல்ப் அணைந்தது. கதவு வழியாக வந்த பகல் வெளிச்சத்துக்கு நிழல் சரியாக விழவில்லை. நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் சும்மா உட்கார வேண்டும், சும்மா உட்கார்ந்தால் மனசு எங்கெங்கோ போகும். அதற்குப் பயந்துகொண்டு, கைப்பழக்கத்திலேயே நாலைந்து தையல் போட்டுவிட்டாள். கரன்ட் வந்தது, மிச்சத்தை முறைப்படி முடித்தாள். தையலின் மேல் பட்டை ஒட்டி, பூச்சுக்கு மேல் பூச்சு அடித்து, பெயின்ட்டும் காய்ந்து, இறக்கை விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. சந்தேகம் அதற்குப் பிறகுதான் அவளைப் பிடித்தது. அந்த நாலைந்து தையலில் ஒன்று கேபிளைச் சுற்றியிருந்தால்?

"நாளைக்குக் காலையில டாக்டர் எடுக்கறார். நீங்கதான் கூட ஏறணும்" என்றார் இன்ஜினியர். "என்ன, ரெக்கை சரிதானே?"

இந்தக் கேள்விக்கு எப்போதும் நாத்தனார்தான் பதில் சொல்வாள். இப்போது ரெக்கையம்மாவே சொல்ல வேண்டியிருந்தது.

"சார், இடது ரெக்கையில அஞ்சாவது விலாவைத் திறந்து பாக்கணும்" என்றாள்.

இன்ஜினியர் மடலை அசைத்துப் பார்த்தார், வெண்ணெய் மாதிரி அசைந்தது. சோதனைத் துளை வழியாகச் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையேம்மா" என்றார். அந்த மூலை கண்ணாடிக்கு எட்டாது என்றாள் அவள். புதுப் பெயின்ட்டின் அழகைப் பார்த்துக்கொண்டு நின்ற டாக்டர் பெருமூச்சு விட்டார். "வலிக்குதுன்னு ஒருத்தர் சொன்னா நான் பல்லைத் தட்டிப் பாக்காம அனுப்பினதில்லை. திறங்க" என்றார்.

அவள்தான் கத்தியை வைத்தாள். மஞ்சள் துணி கிழிகிற சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தார்கள். நூல் கேபிளுக்கு ஒரு விரல் தள்ளி, பிசிறில்லாமல் இறுகி நின்றது. ஒரு குறையும் இல்லை. டாக்டர் சிரித்தார், இன்ஜினியரும் சிரித்தார். அவளுக்கு மட்டும் நிம்மதி வரவில்லை.

"ஆறாவதையும் ஒரு தடவை…" என்றாள்.

இன்ஜினியரின் சிரிப்பு நின்றது. அவளைத் தனியே கூப்பிட்டுப் போனார். நல்ல மனுஷர், குரலை உயர்த்தத் தெரியாதவர். "ஆறாவதைத் திறந்தா ஏழாவதைக் கேப்பீங்க. அப்புறம் வலது ரெக்கையைக் கேப்பீங்க" என்றார். "நீங்க சரின்னு சொன்னாத்தான் நான் கையெழுத்துப் போட முடியும். நாளைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லைன்னா துணியை முழுசாப் பிரிச்சு வெளியூருக்கு அனுப்பிடலாம். இனிமே வர்ற ரெக்கையும் அங்கயே போகட்டும். நீங்களும் எவ்வளவு நாளைக்குத்தான் கஷ்டப்படுவீங்க, வீட்டுல இருங்களேன்."

வீட்டில் இருப்பது. அதைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் அவர் சொல்லியிருக்கலாம்.

அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். டிவியைப் போடவில்லை. போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாகக் கொஞ்ச நேரம் போயிற்று. வெட்கத்தை விட்டு, பையன் வீட்டு எண்ணை அழுத்தினாள். ரொம்ப நேரம் மணி அடித்த பிறகு எடுத்தார்கள்.

"யாரு?"

"நான்தான்."

"எந்த நான்தான்?"

"அண்ணி…"

"ஓ. ஸ்டூலு எப்படி வேலை செய்யுது?" என்றாள் நாத்தனார். ஒரு வருஷமாக வாயிலேயே அடக்கி வைத்திருந்தாள் போலிருக்கிறது.

வேறு சமயமாக இருந்தால் இவளும் ஒன்று கொடுத்திருப்பாள். இப்போது தெம்பில்லை. கரன்ட் போனதிலிருந்து துணியைக் கிழித்தது வரை ஒன்று விடாமல் சொன்னாள். "நீங்க அந்தப் பக்கம் நின்னு சரின்னு சொல்லாம எனக்கு ஒரு தையல் மேலயும் நம்பிக்கை வரலை. எல்லாத்தையும் வெட்டிப் பாக்கணும் போல இருக்கு. நாளைக்கு நான் என்ன சொல்லட்டும் அண்ணி?"

அந்த முனையில் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"ஒண்ணு சொல்றேன். போனை வெச்சிடாதே" என்றாள் நாத்தனார். "எனக்கு நிழல் தெரியாதுடி."

"எந்த நிழல்?"

"கேபிள் நிழல்தான். ஆரம்பத்துல நல்லாத் தெரிஞ்சுது. என் தம்பி செத்துப்போன வருஷத்துலேருந்து கண்ணுல புகை மூட்டின மாதிரி ஆயிடுச்சு. வர வர மோசம். ஊசி கையில தட்டுப்படும், வாங்கிக்குவேன், சரின்னுவேன். அவ்வளவுதான். இங்க வந்ததும் பையன் கண்ணு டாக்டர்கிட்ட காட்டினான். ரொம்ப லேட்டுன்னுட்டாங்க."

ரெக்கையம்மா மனசுக்குள் கணக்குப் போட்டாள். எத்தனை இறக்கைகள், எத்தனை பேர் நம்பி ஏறினார்கள். "சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. நான் இல்லைன்னா உன்னையும் அனுப்பியிருப்பாங்க. என் தம்பியும் இல்லை, பையன் படிச்சிட்டிருந்தான். எங்க போறது?"

"யாராவது விழுந்து செத்திருந்தா?"

"அதனாலதான் முதல்ல நானே ஏறிடுவேன்" என்றாள் நாத்தனார், மழை வரும்போலிருக்கிறது என்கிற மாதிரி.

ரெக்கையம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நகரு என்று தோளைப் பிடித்துத் தள்ளிய கை ஞாபகத்துக்கு வந்தது. சவாரிக்கு அலைகிறாள் என்று தான் வயிறெரிந்த அத்தனை தடவையும் அவள் உயிரைப் பணயம் வைத்து ஏறியிருக்கிறாள். வேறெதை நம்பி? இந்தப் பக்கம் தைத்த கையை நம்பித்தான்.

"பயமா இருக்காதா அண்ணி?"

"காலு ரெண்டும் உதறும். உன் கை சுத்தம்னு தெரியும், தெரிஞ்சா மட்டும் பயம் போயிடுமா?"

"எனக்கு உங்க மேல கோவம் கோவமா வருது. அழுகையும் வருது."

"ரெண்டையும் ஒண்ணாப் பண்ணாதே, புரையேறிடும்."

அவள் அழுதாள். அழுது முடிக்கும்வரை நாத்தனார் காத்திருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இங்க எல்லாரும் தங்கமா இருக்காங்க. எல்லாத்தையும் கையில கொண்டு வந்து குடுத்துடறாங்க. ஆனா, இது சரியா, அது சரியான்னு என்னை ஒருத்தரும் கேக்கறதில்லடி" என்றாள். அந்தப் பக்கம் யாரோ வந்தார்கள் போலிருக்கிறது, போன் வைக்கப்பட்டது.

அன்று சாயங்காலம் முழுக்க ரெக்கையம்மா அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. அந்தப் பக்கம் ஆள் நின்ற காலத்திலும் பார்க்கிற கண் இல்லை. அத்தனை வருஷமும் தன் கை ஒன்றுதான் இருந்திருக்கிறது, அத்தனை இறக்கையும் ஒழுங்காகப் பறந்திருக்கிறது. நினைக்கத் தெம்பாகவும் இருந்தது, யாருமே இல்லாத வெட்டவெளியில் நிற்கிற மாதிரியும் இருந்தது. தனிமை போன வருஷம்தான் ஆரம்பித்தது என்று எண்ணியிருந்தாள். அது எவ்வளவோ முன்பிலிருந்தே கூடவே இருந்திருக்கிறது, ஒரு குரல் அதை மறைத்து வைத்திருக்கிறது.

மறுநாள் இன்ஜினியரிடம் போய், "ரெக்கை சரியா இருக்கு சார். நான் ஏறறேன்" என்றாள். அவர் முகத்தை உற்றுப் பார்த்தார், காரணம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நாத்தனாரைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு வாய் வராது. கிழித்த இடத்தைத் தைத்து, ஒட்டுத்துணி போட்டு, பூச்சும் பெயின்ட்டும் காய்வதற்குச் சில நாள் பிடித்தது. என்றைக்குப் பறக்கிறது என்று பையனிடம் போனில் சொல்லி வைத்தாள்.

பறக்கிற காலையில் டாக்டர் அவளுக்கு பெல்ட்டை மாட்டிவிட்டு, "பல்லைக் கடிச்சுக்காதீங்கம்மா, அப்புறம் என்கிட்டயேதான் வரணும்" என்றார். விமானம் தடதடத்து ஓடி, சட்டென்று தடதடப்பு நின்றது. தரை போய்விட்டது என்று அதில்தான் தெரிந்தது. டாக்டர் இடது பக்கம் சாய்த்தார், மடல் எழுந்தது. வலது பக்கம் சாய்த்தார், மடல் தாழ்ந்தது. துணி விலாவை விட்டு அசையவில்லை. தரைக்கு வந்ததும் இன்ஜினியர் அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டார், ஸ்டோர்ஸ் ஆள் டீ கொண்டு வந்து கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்தாள். முதல் மணியிலேயே எடுக்கப்பட்டது.

"இறங்கிட்டியா?" என்றாள் நாத்தனார்.

"இறங்கிட்டேன்."

"ரெக்கை?"

"அசையலை."

"தெரியும்." கொஞ்சம் தயங்கி, "மேலேருந்து பாத்தா எப்படிடி இருக்கும்?" என்றாள்.

"நீங்கதான் எத்தனையோ தடவை போயிருக்கீங்களே. இறங்கினதும் அது தெரிஞ்சுது, இது தெரிஞ்சுதுன்னு ஆளை உக்கார வெச்சுச் சொல்வீங்களே."

"எல்லாம் அளந்ததுதான். எனக்கு வெறும் வெள்ளையாத்தான் இருக்கும். நீ சொல்லு. ஆறு தெரிஞ்சுதா? நம்ம தெரு தெரிஞ்சுதா?"

ரெக்கையம்மா யோசித்தாள். ஆறு இருந்திருக்கும், தெருவும் இருந்திருக்கும். தானும் கொஞ்சம் அளந்துவிடலாமா என்று நினைத்தாள். மனசு வரவில்லை.

"எதையுமே பாக்கலை அண்ணி" என்றாள். "மேல இருந்த நேரம் பூரா ரெக்கையையேதான் பாத்துட்டு இருந்தேன்."

அந்த முனையில் சிரிப்பு கிளம்பியது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு, அடக்க முடியாமல் இருமலாகி ஓய்ந்தது.

"அடுத்த தடவை ஏறும்போது கொஞ்சம் கீழே பாரு" என்றாள் நாத்தனார். "பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு. நான் கேட்டுக்கறேன்."

அடுத்த விமானம் வர மாசக்கணக்காகலாம், வராமலும் போகலாம்.

"பாக்கறேன் அண்ணி" என்றாள் அவள்.